கோப்பை வாரம்

மகள் திரும்பி வரப்போகிறாள் என்று தெரிந்ததும் கொப்பரைக்காரர் பெயிண்ட் டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். ஆள் வைத்து அடித்திருக்கலாம். ஆள் என்றால் காலையில் வந்து மாலையில் முடித்துவிட்டுப் போய்விடுவான். தானே அடித்தால் சில சாயங்காலங்களாவது ஓடுமே என்று அவருக்கு ஒரு கணக்கு. மனைவி போன பிறகு அந்த வீட்டில் சாயங்காலத்தை ஓட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பகலெல்லாம் சோப்பு ஆலையில், எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கொதிக்கிற பெரிய கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று கத்திக் கத்திப் பேசிவிட்டு வருகிற மனிதர். வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. ரேடியோவோடு பேசிப் பார்த்தார். அது இவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை.

வெளியூரில் மகள் வேலை பார்த்த துணிக்கடை மூடிவிட்டது. அவள் கணவன் அதற்கு முன்பே கடையைக் கட்டிவிட்டான். கையில் ஒரு சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு அவள் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான், அப்பா இருக்கிற ஆலையில் புது ஆட்கள் எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி போயிற்று. சொன்னவர் கொப்பரைக்காரர்தான். சொல்லும்போது குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டார்.

"ரூம்ல பெயிண்ட் வாசம் இருக்கும்மா. ஒரு வாரத்துல போயிடும்."

"அம்மா ரூமாப்பா?"

"ஆமா. அதுலதான் பெரிய ஜன்னல் இருக்கு. உனக்கும் சின்னவளுக்கும் தாராளமா போதும். நான் முன்னறையில படுத்துக்குவேன். எனக்கென்ன, எங்க விழுந்தாலும் தூக்கம்தான்."

அது பச்சைப் பொய். தூக்கம் வந்து எத்தனையோ நாளாயிற்று.

அந்த ஆலைக்கு முதலாளி கிடையாது. ஒரு காலத்தில் இருந்தார். ஒரு நாள் வாசலில் பூட்டைத் தொங்கவிட்டுவிட்டு ஆள் எங்கேயோ போய்விட்டார். வேலையாட்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் பூட்டை உடைத்து உள்ளே போனார்கள். கொப்பரையில் பாதி வெந்த சோப்பு அப்படியே உறைந்து கிடந்தது. அதை மறுபடி சூடாக்கிய நாளிலிருந்து ஆலை அவர்களுடையது. எல்லோருக்கும் சமமான பங்கு, கூட்டத்தில் ஆளுக்கு ஒரு கை. எண்ணெய் லாரி இறக்குவது, கழிவுத் தொட்டி கழுவுவது என்று முதுகை ஒடிக்கிற வேலைகளுக்கு முறை வைத்துக்கொண்டார்கள். செயலாளராகவே இருந்தாலும் முறை வந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

கொப்பரைக்காரரின் மனைவி உறை ஒட்டுகிற பிரிவில் இருந்தாள். படிப்புப் பைத்தியம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கிருந்தோ புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாள். ஆலை வைத்திருந்த ஒருவரே எல்லோரும் சேர்ந்து உழைத்து வாழப் புது ஊர் உண்டாக்கப் புறப்பட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட கதை. நெசவாளிகள் சிலர் ஒன்று சேர்ந்து மாவும் வெண்ணெயும் மெழுகுவர்த்தியும் வைத்துச் சின்னதாக ஒரு கடை திறந்த கதை. ஒரு நாட்டில் அரசாங்கமே ஆலைகளைத் தொழிலாளர் குழுக்களின் கையில் கொடுத்துவிட்டு, கொடுத்த கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கதை. மற்றவர்கள் வாய் நிறையச் சோற்றோடு கேட்பார்கள். கொப்பரைக்காரர் பாதியிலேயே தூங்கிவிடுவார்.

ஒரு நாள் மட்டும் விழித்திருந்தார். அன்றைக்கு, இந்த மாதிரி ஆலைகளைப் பற்றிப் பழைய சோஷலிஸ்டுகளுக்குள் நடந்த சண்டை. இவை ஒன்று நொடித்துப்போகும், இல்லையானால் நன்றாக ஓட ஆரம்பித்ததும் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டு இன்னொரு முதலாளியாகிவிடும் என்று ஒரு கட்சி. அப்படித்தான் ஆக வேண்டும் என்று என்ன தலையெழுத்து, எல்லாம் உள்ளே இருக்கிறவர்கள் கையில்தான் இருக்கிறது என்று எதிர்க்கட்சி. அவர் மனைவி புத்தகத்தை மூடிவிட்டு, "நாம எந்தக் கட்சின்னு ஆலை நல்லா ஓடும்போதுதான் தெரியும்," என்றாள். அப்போது ஆலை நொண்டிக்கொண்டிருந்தது. அதனால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கோப்பை வாரமும் அவள் கொண்டுவந்ததுதான். ஆரம்ப வருஷத்தில் எண்ணெய்க் கிடங்குக்காரர் ஒருவர் ஏதோ ஒரு தீர்மானத்துக்கு மட்டும் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தார். எந்தத் தீர்மானம், அவர் சொன்னது சரியா தப்பா என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. அதற்கப்புறம் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. கொஞ்ச நாளில் அவர் வேலைக்கு வருவதை நிறுத்தினார். இவள் தேடிக்கொண்டு போனபோது வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். திரும்பி வந்தவள் கூட்டத்தில் கேட்டாள்: "நாம எல்லாரும் ஒண்ணா கையத் தூக்கிட்டு ஒண்ணா வீட்டுக்குப் போறோம். தூக்காத ஆள் கூட யார் நடந்து போறது?"

அதிலிருந்து விதி இப்படி ஆயிற்று. கூட்டத்தில் ஒரே ஒரு கை மட்டும் கீழே இருந்தால் அந்தத் தீர்மானம் ஒரு வாரம் நிற்கும். அந்த வாரம் முழுக்க அந்த ஒற்றை ஆள், ஆலையில் வேலை செய்கிற ஒருவர் விடாமல் எல்லோருக்கும் தேநீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கோப்பையில் தேநீர் இருக்கும் வரை, வாங்கியவர் அவரோடு பேசியாக வேண்டும். வாரக் கடைசியில் மறுபடி கை தூக்குவது. அப்போது பெரும்பான்மை எதுவோ அதுதான் முடிவு. இதற்கென்றே அவள் பெரிய பெரிய பீங்கான் கோப்பைகளாகத் தேடி வாங்கி வைத்தாள். பேச்சு முடிவதற்குள் தேநீர் முடிந்துவிடக் கூடாதாம்.

காலப்போக்கில் என்ன ஆயிற்று என்றால், புதிதாக வந்தவர்கள் அதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டார்கள். கை தூக்காதவன் எல்லோருக்கும் டீ ஊற்ற வேண்டும், அபராதம். பழைய ஆட்களும் அதைத் திருத்தவில்லை. அபராதத்துக்குப் பயந்து எல்லாத் தீர்மானங்களும் ஒரே மனதாக நிறைவேறத் தொடங்கின. கோப்பைகள் அலமாரியின் மேல் தட்டில் தூசி படிந்து கிடந்தன.

இப்போது ஆலை நல்லா ஓடியது. ஒரு பெரிய ஓட்டல் கம்பெனி எல்லா ஊர்களிலும் இருக்கிற தன் அறைகளுக்குச் சோப்பு கேட்டிருந்தது. கை போதவில்லை. ஆள் எடுப்பது என்று பேச்சு வந்தது. கூட்டத்தில் செயலாளர் எழுந்து தீர்மானத்தைப் படித்தாள். அவளும் கொப்பரைக்காரரின் மகளும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். இவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"புதுசா வர்றவங்களுக்கு சம்பளம் உண்டு. பங்கு கிடையாது. கூட்டத்துல உட்கார முடியாது, கை தூக்க முடியாது. சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

அவளுடைய பார்வை இவர் பக்கம் வந்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனது. உங்க பொண்ணுக்கு இடம் ரெடி மாமா என்று அதற்கு அர்த்தம்.

கைகள் உயர்ந்தன. கொப்பரைக்காரருக்கும் தூக்க வேண்டும் என்றுதான் இருந்தது. இதில் சந்தேகமே வேண்டாம். பெயிண்ட் அடித்தாகிவிட்டது, மெத்தை வாங்கியாகிவிட்டது, பேத்திக்கு என்று ஒரு சின்ன நாற்காலி கூட வந்துவிட்டது. தூக்கு என்று அவரே தன் கைக்குச் சொன்னார். ஆனால் கண் என்னவோ சாப்பாட்டு அறையின் கதவுக்குப் போய்விட்டது. அந்தக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கூட்டம் நடக்கும். கதவுக்கு வெளியே, அட்டைப்பெட்டி மேல், தன் மகள் உட்கார்ந்துகொண்டு உள்ளே என்ன முடிவு செய்கிறார்கள் என்று காத்திருப்பது போல அவருக்குத் தெரிந்தது. கை முழங்காலிலேயே கிடந்தது.

"மாமா?" என்றாள் செயலாளர்.

"எடுக்கறதுன்னா பங்கோட எடுப்போம்மா," என்றார் கொப்பரைக்காரர். அவ்வளவுதான் அவருக்குச் சொல்ல வந்தது.  பிறகு யாரோ பெருமூச்சு விட்டார்கள், யாரோ நாற்காலியை இழுத்தார்கள், அலமாரியிலிருந்து கோப்பைகள் இறங்கின.

அந்த வாரத்தைப் போல ஒரு வாரம் அந்த ஆலையில் வந்ததில்லை. கொப்பரைக்காரர் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று. சோப்புக் கட்டியைக் கம்பியால் துண்டு போடுகிற வெட்டுக்காரர் கோப்பையை வாங்கிய கையோடு கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, அதைச் சாக்காக வைத்தே வாரம் முழுக்கப் பேசாமல் தப்பித்தார். கிடங்கு ஆட்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். வெளியே வெயில் பொளந்துகொண்டிருந்தது.

உறை ஒட்டுகிற அக்கா மட்டும் நிதானமாகக் குடித்தாள். அவர் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் காலமெல்லாம் உட்கார்ந்திருந்தவள்.

"நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. போன தடவை பங்கு குடுத்து எடுத்தோமே ஒரு ஆள, என்ன ஆச்சு? மூணே மாசத்துல பங்க வாங்கிக்கிட்டு நடையக் கட்டல? நாளைக்கே ஓட்டல்காரன் வேண்டாம்னு சொல்லிட்டா? அவ்வளவு பேரையும் சேர்த்து யார் தாங்கறது? எனக்கு முதுகு போச்சு அண்ணே. நான் இன்னும் எத்தன நாள் இப்படிக் குனிஞ்சு ஒட்டறது?"

கொப்பரைக்காரர் சோப்பு வெந்துவிட்டதா என்று நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். சுரீர் என்றால் காரம் மிச்சம், இல்லையென்றால் இறக்கலாம். அந்த நாக்கு இந்த மாதிரி இடங்களில் உதவிக்கு வருவதில்லை. மனைவி இருந்திருந்தால் ஏதாவது ஒரு புத்தகத்தைத் திறந்திருப்பாள். "நீ சொல்றதும் சரிதான்," என்று சொல்லிவிட்டுக் காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

வாரத்தின் நடுவில் மகளிடமிருந்து போன் வந்தது.

"நீங்கதான் கையத் தூக்கலையாமே?"

செயலாளர் சொல்லியிருக்கிறாள். இவர் எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்த விஷயம்.

"உன்ன வேண்டாம்னு சொல்லலம்மா. நீ வந்து வெளிய உட்காரக் கூடாதுன்னுதான்…"

"நான் வெளிய உட்கார்ந்தா உங்களுக்கு என்னப்பா? எனக்கு சம்பளம் வேணும். ஓட்டு வேணும்னு நான் கேட்டேனா?"

"உங்கம்மா கட்டின இடம் அது. அதுல நீ கதவுக்கு அந்தப் பக்கம்…"

"அம்மாவா இருந்தா முதல்ல நீ வா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பா." அவள் குரல் உடைந்தது. "ரூமெல்லாம் பெயிண்ட் அடிச்சேன்னு சொன்னீங்களே. அதையெல்லாம் நம்பிட்டேன் நான்."

போனை வைத்த பிறகும் அவர் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மனைவி அப்படிச் சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்கலாம். வேறு மாதிரியும் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு இது தெரியவில்லையே என்று அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது. கேட்டுக்கொள்ள அவளும் இல்லை.

வாரக் கடைசியில் மறுபடி கை தூக்கினார்கள். ஒருவர் மனதும் மாறவில்லை. தீர்மானம் நிறைவேறியது. கொப்பரைக்காரர் கோப்பைகளைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தார். எல்லோரும் போன பிறகு விளக்கை அணைத்துவிட்டு வந்தவரும் அவர்தான். யாரும் அவரோடு நடந்து வரவில்லை.

மகள் வந்தாள். ஆனால் வீட்டுக்கு வரவில்லை. செயலாளரின் வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. பெண்ணையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டாள். ஆலையில் பெட்டி கட்டுகிற வேலை. கொப்பரையைத் தாண்டித்தான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். போவாள். அவள் பார்வை வண்டியின் சக்கரத்தை விட்டு எழும்பாது. இவர் கொப்பரையைக் கிண்டுகிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஆவி அடித்துக் கண்ணில் நீர் வருகிற வேலை அது. ஒரு விதத்தில் வசதியாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு நேராகப் போகாமல் அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். மாடி ஜன்னலிலிருந்து பேத்தி கையாட்டுவாள். இவரும் ஆட்டுவார். மேலே வா தாத்தா என்று அது ஒரு நாள் கூப்பிட்டது. உள்ளேயிருந்து ஒரு கை வந்து அதை இழுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து, புதிதாக அடித்த அறையின் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, பேத்திக்கு வாங்கிய சின்ன நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்படி ஒரு தனிமையை அவர் மனைவி இறந்த அன்றைக்குக் கூட அனுபவித்ததில்லை. அப்போது அழுவதற்காவது ஆட்கள் கூட இருந்தார்கள்.

அடுத்த கூட்டம் வந்தது. புதியவர்கள் எழுந்து வெளியே போனார்கள். மகள் கடைசியாகப் போனாள். கதவை இழுத்துச் சாத்தியவளும் அவள்தான்.

அன்றைக்குச் சின்னத் தீர்மானம் ஒன்று. ஓட்டல் ஆர்டரால் எண்ணெய் லாரி இப்போதெல்லாம் விடிவதற்கு முன்பே வந்துவிடுகிறது. முறை வைத்து இறக்குவது எல்லோருக்கும் சிரமமாக இருக்கிறது. இனி அதைப் புதியவர்களே பார்த்துக்கொள்ளட்டும். அவ்வளவுதான். யாரும் விவாதிக்கக் கூட இல்லை. லாரி முறை வந்தால் நாலு நாள் நிமிர முடியாமல் கிடப்பவர்களில் கொப்பரைக்காரரும் ஒருவர். தீர்மானம் நிறைவேறினால் அவர் முதுகுக்கும் விடுதலைதான்.

கைகள் உயர்ந்தன. ஒன்று மட்டும் முழங்காலில் இருந்தது.

"மறுபடியுமா?" என்றார் வெட்டுக்காரர், நாக்கை மேலண்ணத்தில் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் காலையில் கொப்பரைக்காரர் கெட்டிலோடு புறப்பட்டார். கோப்பைகளை எண்ணிப் பார்த்து, புதியவர்களுக்கும் சேர்த்துத் தட்டில் அடுக்கினார். அதைப் பார்த்த செயலாளர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஆலையில் வேலை செய்கிற ஒருவர் விடாமல் என்பது விதி. அது அவளுக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு, தட்டில் குறைந்த கோப்பையை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து அவளே வைத்தாள்.

பெட்டி கட்டுகிற கொட்டகையில் புதியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எதுக்குங்க டீ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கூட்டத்துல நான் ஒருத்தன் மட்டும் கை தூக்கல. அப்படி இருந்தா இங்க டீ குடுக்கறது வழக்கம். டீ தீர்ற வரைக்கும் நீங்க என்கூடப் பேசணும்."

"என்ன பேசறது?"

"எது வேணும்னாலும்."

அவர்கள் பேசினார்கள். லாரி விஷயம் அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. சிலருக்குக் கோபம் வந்தது, சிலர் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அவர் ஒவ்வொருவராக நகர்ந்து நகர்ந்து கடைசியில் கொட்டகை மூலைக்கு வந்தார். கட்டி முடித்த பெட்டி ஒன்றின் மேல் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றி நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். முகம் நிமிரவில்லை.

"பேசித்தான் ஆகணுமா?"

"விதி."

ஒரு மிடறு குடித்தாள். "லாரி இறக்கினா உங்களுக்கு முதுகு பிடிச்சுக்கும். எங்க தலையில கட்டினா உங்களுக்கு நல்லதுதான?"

"நல்லதுதான்."

"அப்புறம் ஏன் தூக்கல?"

"உங்கள யாரும் கேக்கலையே," என்றார் கொப்பரைக்காரர். "கேட்டுட்டுச் செஞ்சிருந்தா தூக்கியிருப்பேன்."

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. இது விதிப்படி தப்பு. அவர் அதைச் சுட்டிக்காட்டவில்லை. இன்னொரு மிடறு குடித்துவிட்டு, "சர்க்கரையே போடல," என்றாள்.

"மறந்துட்டேன்."

"அம்மாவும் இப்படித்தான்." கோப்பையின் விளிம்பைக் கட்டை விரலால் துடைத்தாள். "நீங்க நியாயம்தான் பேசறீங்கன்னு தெரியும்பா. ஆனா எனக்குப் போக இடம் இல்லாதப்ப நியாயம் பேசினீங்க. அது எனக்கு ஆறல."

"எனக்கும்தான்மா ஆறல," என்றார் அவர்.  

மற்றவர்கள் காலிக் கோப்பைகளைத் தட்டில் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். உள்ளே கொப்பரைப் பக்கமிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவர் காதில் விழாத மாதிரி நின்றார்.

"அந்த ரூம்ல," என்றாள் மகள், "பெயிண்ட் வாசம் போயிடுச்சா?"

கொப்பரைக்காரர் கெட்டிலைத் தரையில் வைத்தார். "போயிடுச்சும்மா. ஜன்னலத் திறந்தேதான் வச்சிருக்கேன்."

 கோப்பையின் அடியில் ஆறிப்போன தேநீர் ஒரு மிடறு மிச்சம் இருந்தது. அதைக் குடித்துவிட்டால் அதற்கப்புறம் அவள் அவரோடு பேச வேண்டியதில்லை. கோப்பையை மடியில் இறக்கி வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சின்னவளைச் சேர்த்திருக்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.